மின்வெட்டு நாட்களில் ஒரு நாவல்

2022 மார்ச் 21

கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். செய்தியைக் கேட்டதும் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு சி.ஆர். கொப்பி வாங்கி வந்தேன். கடைக்காரர் பழைய விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு வாயால் சொன்ன விலையைக் கொடுத்தேன். இந்தக் கொப்பியின் முன்பக்கம் நாவலுக்கு, பின்பக்கம் இந்தக் குறிப்புகளுக்கு. நடுவில் எங்கே சந்திக்குமோ தெரியாது.

மார்ச் 31

இன்று பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை.

மின்சார சபை நாட்டையே எழுத்துகளாகப் பிரித்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று காலையில் பட்டியல் வரும். அதைப் பார்த்துத்தான் சோறு வைப்பதும் தண்ணீர் ஏற்றுவதும். நான் அதைப் பார்த்து, காதால் கேட்கிற கதைகளை இறக்குகிறேன். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் கோபுரத்துக்கும் உயிர் போய்விடுகிறது, சிக்னல் இல்லை. அதனால் கரண்ட் இருக்கும் நேரத்தில் அடுத்த அத்தியாயங்களை ஃபோனுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரவில் கேட்டது 'வெல்கம் டு நைட் வேல்'. 2012 இல் ஜோசப் ஃபிங்க், ஜெஃப்ரி க்ரேனர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிய ஒலித் தொடர். பாலைவனத்தில் ஒரு கற்பனை ஊர், அந்த ஊருக்கு ஒரு சின்ன வானொலி நிலையம், அதில் ஒரே ஒரு அறிவிப்பாளன். நடக்கவே முடியாத காரியங்களை எல்லாம் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டு போவான். முன்பு கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது, எழுத்து எழுத்தாக ஊர்கள் இருளப்போகிற பட்டியலை எங்கள் வானொலியும் அதே நிதானத்தோடு வாசிப்பதைக் கேட்ட பிறகு, நெஞ்சுக்குள் வேறு மாதிரி இறங்குகிறது. அவன் ஒருபோதும் பதறுவதில்லை. பதற்றம் முழுவதையும் கேட்கிறவரிடம் விட்டுவிடுகிறான். எனக்கு அந்த ஆற்றல் வேண்டும். என் நாவலில் எல்லோரும் பதறுகிறார்கள்.

குப்பி விளக்கு வெளிச்சத்தில் அரைப்பக்கம் எழுதினேன். நுளம்பு.

ஏப்ரல் 3

ஊரடங்கு. முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இறக்கி வைத்த கதைகள் மட்டும் ஃபோனில் இருக்கின்றன. அவற்றை யாரும் நிறுத்த முடியவில்லை.

ஏப்ரல் 9

இன்றோடு எண்பது வருடம்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெள்ளைக்காரன் முதல்நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டான். அப்படிப் போன 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் தாழ்ந்தது. இங்கே கப்பல்துறை, சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் குண்டு வாங்கின. ஒரு விமானம் நேரே தாங்கி ஒன்றின் மேல் மோதியது. அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது.

என் நாவல் அந்தக் காலையில்தான் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் உட்துறைமுக வீதியில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். விமானத்தின் இறக்கைக்குக் கீழ் இருந்த சிவப்பு வட்டம் வரை எழுதியிருக்கிறேன்.

அம்மம்மாவுக்கு அப்போது எட்டு வயது. பின்னேரம் அவவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டேன். இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வீட்டில் டிவி ஓடும், பத்துச் சொல்லோடு முடித்துக்கொள்ளுவா. இன்று டிவி இல்லை, மின்விசிறி இல்லை, வேறு சத்தமே இல்லை.

"பிளேன் எப்பிடி அம்மம்மா இருந்தது?"

"ஆர் பாத்தது? எங்களை முதலே தம்பலகாமத்துக்கு மாட்டு வண்டிலில அனுப்பிட்டாங்கள். நாங்கள் பாக்கேல்லைப் பிள்ளை. கேட்டனாங்கள்."

தம்பலகாமக் குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கோடிக்குள் எல்லோரும் குந்தியிருந்தார்களாம். முதலில் தேனீக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல். பிறகு நிலத்துக்குள்ளால் வந்த குத்து. அது காதுக்குக் கேட்க முதல் குதிக்காலுக்குத் தெரிந்ததாம். அவவின் தாய், குண்டு விழ விழ ஒவ்வொன்றாக எண்ணினாவாம். எண்ணிக்கை தவறினால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து எண்ணினாவாம். பின்னேரம்தான் புகையைக் கண்டார்கள்.

கொழும்பில் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகச் சனம் கூடாரம் அடிக்கத் தொடங்கிவிட்டதாம்.

முதல் அத்தியாயத்தை இன்று வாசிக்கவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கேஸ் இல்லை, விறகில் பொங்கினோம்.

ஏப்ரல் 26

பக்கத்து வீட்டு மாமிக்குக் கண்ணில் நீர்ப்படலம். கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், வானுக்கு டீசல் இல்லை. இரவில் எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுவா. அவவுக்காக 'பொன்னியின் செல்வ'னை ஸ்பீக்கரில் போடுகிறேன். படம் வரப்போகிறது என்பதால் இந்த வருடம் எத்தனையோ பேர் அதை வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். 1950 இல் கல்கி இதழில் தொடங்கியபோதே ஒருவர் வாசிக்க வீடே சுற்றி இருந்து கேட்ட கதைதானே அது. முன் வீட்டுப் பொடியனும் தாயும் இப்போது வருகிறார்கள். பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிற இடத்தில் மாமி, "இங்கால வரமாட்டானோ?" என்று கேட்டா.

அத்தியாயம் முடிந்த பிறகும் யாரும் எழும்பவில்லை. அம்மா தன்பாட்டில் 'தணியாத தாகம்' பற்றிச் சொல்லத் தொடங்கினா. எழுபதுகளில் இலங்கை வானொலியில் மக்கள் வங்கியின் நிகழ்ச்சியாகப் போன தொடர் நாடகம். அது போகிற நேரம் தெருவில் நடந்து போனால் ஒரு வசனம்கூடத் தவறாதாம், வீட்டுக்கு வீடு றேடியோ. சோமுவாக நடித்த கே.எஸ். பாலச்சந்திரனின் குரலை அம்மா செய்து காட்டினா. அம்மாவுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு இத்தனை வயது வரை தெரியாது.

அதை எழுதியவர் சில்லையூர் செல்வராசன். 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' என்று 1967 இல் நூல் எழுதியவரும் அவரே. நாவலின் வரலாற்றை எழுதிய கைதான் வானொலி நாடகத்தையும் எழுதியிருக்கிறது. நான் இந்த இரண்டையும் ஏன் இரண்டு அலுமாரியில் வைத்திருந்தேன்?

எங்கள் ஊருக்கு நாவல் புதிதில்லை. 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வந்தது, எழுதியவர் திருகோணமலை இன்னாசித்தம்பி. ஈழத்தின் இரண்டாவது தமிழ் நாவல் அது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற 'மோகனாங்கி'யை 1895 இல் எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்ப் பிள்ளை. குடாவுக்கு அக்கரையில் மூதூரில் வ.அ. இராசரத்தினம் இருந்து எழுதினார். இங்கே ந. பாலேஸ்வரி ஒன்றன்பின் ஒன்றாக நாவல் எழுதினார். இந்தப் பெயர்களைச் சொன்னால் இங்குள்ள படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் யார் என்று கேட்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. கோணேசர் கோயிலையும் புறாத்தீவையும் காட்டுகிறோம், இவர்களைக் காட்டுவதில்லை.

மே 10

நேற்றுக் காலிமுகத்திடலில் அடி. பிரதமர் விலகிவிட்டார். இன்று காலை முதல் ஒரே பேச்சு, அவர் குடும்பத்தோடு இங்கே கடற்படைத் தளத்துக்குள் வந்துவிட்டார் என்று. தளத்துக்கு வெளியே சனம் கூடிவிட்டது. ஊரடங்கு.

கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று நாள் முழுக்க வயிற்றில் கிடந்தது. எங்கள் ஊர் என்றைக்கும் இப்படித்தான். போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், வெள்ளைக்காரன், எல்லோருக்கும் ஒளிய ஒரு துறைமுகம் வேண்டும். அதைச் சுற்றி இருக்கிற எங்களிடம் ஒருவரும் கேட்பதில்லை.

ஃபோனில் சார்ஜ் இல்லை. மதிலுக்கு அங்கால் இருந்து மாமி, "இண்டைக்குக் கதை இல்லையோ பிள்ளை?"

இல்லை மாமி.

மே 11

எழுதவில்லை.

ஜூன் 16

ஒரு பதிப்பகத்தில் இருந்து பதில். கடதாசி விலையும் மையின் விலையும் இறங்கும்வரை புதிய எழுத்தாளரின் நாவல் எதுவும் இல்லை. ஒரு வரிதான், மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூன்று தரம் வாசித்தேன். இரவு கேட்ட கதை ஒன்றும் காதுக்குள் போகவில்லை.

ஜூன் 28

அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இந்தியக் கம்பனியின் நிலையத்தில் மட்டும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தம்பியின் மோட்டார் சைக்கிளை விடியவே கொண்டுபோய் வரிசையில் விட்டேன். சீனன்குடாவில் 99 தாங்கிகள் இருக்கின்றன. ஜனவரியில் ஒப்பந்தம் வைத்து 14 ஐ அந்த இந்தியக் கம்பனியான லங்கா ஐஓசிக்கும், 24 ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 ஐ இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரித்தார்கள். அந்த ஊரில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு வெயிலில் நிற்கிறோம்.

எனக்கு முன்னால் ஒரு மீன்பிடிகாரர், மண்ணெண்ணெய் கிடைக்காமல் போட்டைக் கரையேற்றிவிட்டுப் பெற்றோலாவது கிடைக்குமா என்று வந்தவர். என் காதில் வயரைக் கண்டு, "என்ன தங்கச்சி, பாட்டோ?" என்றார். கதை என்றேன். ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கடலோரத்தில் நடக்கிற ஒரு பேய்க்கதை அது. பின்னணியில் அலை அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். பிறகு வயரைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்.

"கதை நல்லம். ஆனா இது எங்கட துறைமுகம் இல்லை. உள்துறைமுகத்துக்குள்ள அலை இப்பிடி அடிக்காது. தண்ணி சும்மா கிடக்கும். சத்தம் எண்டா எஞ்சின் சத்தம்தான்."

யாருடைய போட் என்று எஞ்சினைக் கேட்டே சொல்லுவாராம். இருட்டில் மனிசியும் அப்படித்தான், இவருடைய எஞ்சின் வளைவுக்குள் திரும்புகிறபோதே உலையை வைத்துவிடுவாவாம். இப்போது விடியற்காலையில் ஒரு எஞ்சினும் இல்லை, நித்திரை வருவதில்லை என்றார். நான் இவ்வளவு காலம் வீதிக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தும் அந்தச் சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

பின்னேரம் என் முறை வரமுதல் பெற்றோல் முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 9

ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். நீச்சல் தடாகத்தில் பொடியன்கள் குளிக்கிறார்கள். அம்மா சிரித்தா, பிறகு அழுதா. எங்கள் பக்கத்து ஆட்களுக்காக முன்பு யாரும் இப்படித் தெருவில் இறங்கவில்லையே என்றா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 14

ஜனாதிபதி விலகிவிட்டார், சிங்கப்பூரில் இருந்து.

ஜூலை 23

முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். தம்பலகாமத்தில், கோடிக்குள், ஒரு தாய் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வானம் ஒரு வரியில்கூட இல்லை.

அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தலைக்கு மேலே போர்வையைப் போட்டு, ஃபோனில் வாசித்துப் பதிந்தேன். வாசிக்க வாசிக்க மூச்சு முட்டுகிற வசனங்களை வெட்டினேன். பேனையால் எத்தனையோ தரம் திருத்தி அசையாதவை, நாக்குக்கு வந்ததும் தாங்களாகவே விழுந்தன. இரவு விறாந்தையில் யாருடையது என்று சொல்லாமல் போட்டேன். என் குரலைப் பொடியன் கண்டுபிடித்துவிட்டான், கண்ணைக் காட்டி அடக்கினேன்.

முடிந்ததும் மாமி, "பிறகு?" என்றா. அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கியது.

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆர் இந்தப் பிள்ளை? நாயளை விட்டிட்டுது" என்றா.

"எந்த நாய் அம்மம்மா?"

"வண்டிலுக்குப் பின்னால ஓடி வந்த நாயள். ஊருக்குள்ள ஆக்கள் விட்டிட்டுப் போன நாயள் எல்லாம் ஒண்டாச் சேந்து குரைச்சுக்கொண்டு வந்தது, கன தூரத்துக்கு. அப்பா இறங்கிக் கல்லால எறிஞ்சவர். எங்கட நாயும் அதுக்குள்ள."

இதுவரை ஒருமுறையும் சொல்லாதது.

ஆகஸ்ட் 3

பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்துவிட்டது. மின்வெட்டும் குறைந்துவிட்டது. மாமி வீட்டில் இரவில் டிவி ஓடுகிறது. முன் வீட்டார் இரண்டு நாளாக வரவில்லை. எல்லோருக்கும் கரண்ட் வந்தது சந்தோஷம்தான், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒன்பது மணிக்கு விறாந்தையில் பாயை விரித்துவிட்டு மதில் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆகஸ்ட் 22

நள்ளிரவில் இருந்து மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய். காலையில் கரையில் நின்று கேட்டேன். எஞ்சின் சத்தம் மிகக் குறைவு.

முன்பக்கத்து நாவலும் பின்பக்கத்துக் குறிப்பும் இந்தத் தாளில் முட்டிக்கொண்டன. அடுத்த கொப்பி வாங்க வேண்டும். அம்மம்மா நாய்களைப் பற்றி அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை, கேட்டால் களைப்பு என்கிறா. இரண்டாம் அத்தியாயம் ஊரைவிட்டுப் போகிற வீதியில் நிற்கிறது. அதற்கு ஒருவரின் ஞாபகம் போதாது.

தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ நிலாவெளியிலோ அந்தக் காலையைக் கேட்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள், ஃபோனில் பதியுங்கள். டிவியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஓடுகிற நாளில் வருகிறேன்.