நதிமூலம் பார்க்கப் போன மலைப்பாதை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. ஆயினும் ஒரு நதியின் மூலத்தைக் காண்பதற்காகவே சென்ற கோடையில் நானும் என் மனைவியும் ஆல்ப்ஸ் மலையில் காரில் ஏறினோம். அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கிவரப் புறப்படும் பெற்றோர் இன்று பலர். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எங்கள் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணிபுரிகிறான். "ஜூலையில் வாருங்கள் அப்பா, மலைப்பாதைகளில் போய்வரலாம்" என்று அவன் அழைத்த அன்றே நான் பெரிய தாள் ஒன்றை விரித்துக் கட்டம் போடத் தொடங்கிவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் இருந்தவனுக்குக் கட்டம் போடாமல் யோசிக்க வராது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்: உயரம் 2,757 மீட்டர், வடபுறத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆஸ்திரியாவில் 1935-இல் திறக்கப்பட்ட கிராஸ்குளோக்னர் மலைச்சாலை: நீளம் 48 கி.மீ. சுவிட்சர்லாந்தில் ஃபூர்கா, கிரிம்சல், சூஸ்டன். இப்படி ஆறு நாட்களில் மூன்று நாடுகள், ஒன்பது கணவாய்கள். கூட்டிப் பார்த்ததில் கணக்கு சரியாகவே வந்தது.

தாளை வாங்கி நிதானமாகப் படித்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "எல்லாம் சரி, இதில் நாம் எங்கே உட்காருகிறோம்?"

அவளுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். நான் போட்டிருந்த கட்டங்களில் உயரம் இருந்தது, தூரம் இருந்தது, பெட்ரோல் செலவுகூட இருந்தது. அவளுடைய முழங்காலுக்கு ஒரு கட்டம் இல்லை.

அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் பேசியபோது மேலும் சில பிழைகள் தெரிந்தன. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது சமவெளியின் கிலோமீட்டர் அன்று. ஃபூர்கா, கிரிம்சல், சூஸ்டன் ஆகிய மூன்று கணவாய்களையும் சுற்றிவரும் வட்டம் ஏறத்தாழ 120 கி.மீ. நம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம்தான். அங்கே எங்கும் நில்லாமல் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். நின்று பார்த்துப் போனால் ஒரு பகல் முழுவதும் வேண்டும். காலமும் நம் வசத்தில் இல்லை. குளிர்காலம் முழுவதும் இந்தப் பாதைகள் பனியால் மூடிக் கிடக்கும். பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரையில்தான் திறந்திருக்கும். கோடையிலும் திடீரென்று பனி பெய்தால் அடைத்துவிடுவார்கள். கணவாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை அடிவாரத்தில் உள்ள பலகை அறிவிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் ஏற வேண்டும்.

அப்போது மகன் ஒரு செய்தி சொன்னான். ஆண்டர்மட் என்ற மலை ஊரைச் சுற்றியுள்ள கோட்ஹார்டு மலைத்தொகுதியில் நான்கு நதிகள் பிறக்கின்றனவாம். ரைன் நதியும் ராய்ஸ் நதியும் வடதிசைக் கடலை நோக்கிச் செல்கின்றன. டிச்சினோ தெற்கே இறங்கிப் போ நதியில் கலந்து அட்ரியாட்டிக் கடலை அடைகிறது. ரோன் மேற்கே பாய்ந்து, ஜெனீவா ஏரியினுள் புகுந்து வெளிவந்து, 812 கி.மீ. கடந்து மத்தியதரைக் கடலில் சேர்கிறது. "ரோன் நதியின் மூலம் ஒரு பனியாறு. ஃபூர்கா கணவாய்ச் சாலை அதன் அருகிலேயே போகிறது. அம்மா அதிகம் நடக்க வேண்டாம்" என்றான்.

என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் கங்கோத்ரி வரை சென்றும் கோமுகம் காணாமல் திரும்பியவர்கள் நாங்கள். சுமார் 18 கி.மீ. நடைவழிக்கு அவள் கால்கள் இடம் கொடுக்கவில்லை. அந்தக் குறையை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பேனாவை எடுத்து ஒன்பது வரிகளில் எட்டை அடித்தேன். எஞ்சியது ஃபூர்கா ஒன்றே.

ஒரு காரியத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். காரை நானே ஓட்டுவேன் என்று சொல்லி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொண்டேன். விதிகளையும் பாடம் செய்தேன். அங்கே வண்டிகள் வலப்புறம் செல்லும். ஓட்டுநர் இருக்கை இடப்புறம். அதிவேக நெடுஞ்சாலையில் செல்ல 40 பிராங்க் கொடுத்து ஆண்டு வில்லை வாங்க வேண்டும். குறுகிய செங்குத்துப் பாதையில் இரு கார்கள் எதிர்ப்பட்டால் ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். மலை அஞ்சல் சாலைகளில் மஞ்சள் நிறப் பேருந்துக்கே முதலிடம். வளைவுகளில் அது மூன்று சுரங்களில் ஊதிக்கொண்டு வரும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். தேர்வெழுதப் போகும் மாணவனைப் போல் இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்கள் திரளும் என்பதால் வாரநாளைத் தேர்ந்தோம். தயிர் சாதமும் கம்பளிச் சால்வையும் மறவாமல் எடுத்துக்கொண்டு காலை ஆறரை மணிக்கே புறப்பட்டோம். ஆண்டர்மட்டுக்குச் சற்று முன்னே ஷோலனன் என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ராய்ஸ் நதியின்மேல் ஒரு பாலம் உள்ளது. அதற்குச் சாத்தான் பாலம் என்று பெயர். பாலம் கட்ட இயலாமல் தவித்த ஊராருக்குச் சாத்தானே கட்டிக் கொடுத்தான் என்றும், முதலில் கடக்கும் உயிர் தனக்கு வேண்டுமென்று கேட்டான் என்றும், ஊரார் ஓர் ஆட்டை முதலில் அனுப்பி அவனை ஏமாற்றினார்கள் என்றும் கதை. சினங்கொண்டு பாலத்தை உடைக்க அவன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாறை இன்றும் இருக்கிறது. நெடுஞ்சாலை போடுவதற்காக 1977-இல் அதை உடைக்காமல் 127 மீட்டர் நகர்த்தி வைத்தார்களாம். "ஆட்டை அனுப்பச் சொன்னவர் ஏதாவது வங்கியின் மேலாளராக இருந்திருப்பார்" என்றாள் என் மனைவி.

ஆண்டர்மட்டில் நான் காரை வாங்கிக்கொண்டேன். ரியால்ப் என்ற சிற்றூர் வரை பாதை சமமாகச் சென்றது, மனம் துள்ளியது. அதன்பின் ஏற்றம். மேலே செல்லச் செல்லச் சாலை குறுகியது. ஓரத்தில் வரிசையாக நட்ட கற்கள், அதற்கப்பால் பள்ளம். மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ நாற்பது ஆண்டுப் பழக்கம் என் கைகளை இடப்புறம் இழுத்துவிட்டது. எதிரே ஒரு வண்டியின் விளக்கு தெரிந்தது. "அப்பா, வலது" என்றான் மகன். குரலை உயர்த்தவில்லை. கையை மட்டும் ஸ்டியரிங் அருகே கொண்டுவந்தான். நான் திருப்பிவிட்டேன், எதிர்வண்டியும் வேகம் குறைத்து நின்றிருந்தது. ஒன்றும் நேரவில்லை. பின்னிருக்கையில் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தவளின் குரல் நின்றது மட்டும் எனக்குக் கேட்டது.

அடுத்து வந்த ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்தினேன். கைகள் நடுங்கின. வங்கியில் பெட்டகச் சாவி எப்போதும் இருவரிடம் இருக்கும். ஒருவர் தனியே திறக்க முடியாது. ஓய்வுபெற்ற நாளில் என் பங்குச் சாவியைக் கையெழுத்திட்டு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். இந்தச் சாவியை ஒப்படைக்க மட்டும் மேலும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. மகன் கேட்பதற்கு முன்பே அதை அவனிடம் நீட்டினேன். அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். மனைவி என் தோளைத் தொட்டு, "இனிமேலாவது நீங்களும் மலையைப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் தார்ச்சாலையை மட்டுமே என்பது அப்போதுதான் புரிந்தது.

சுமார் 2,430 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து சற்று இறங்கினால், சாலையோரத்தில் மூடிக்கிடக்கும் பழைய பெல்வெடேர் விடுதி. கட்டணம் செலுத்திச் சிறிது தூரம் நடந்தால் பனியாறு. கையைப் பிடித்து மெல்ல அழைத்துச் சென்றோம். 19-ஆம் நூற்றாண்டில் கீழே கிளெட்ஷ் பள்ளத்தாக்கின் தரைவரை இறங்கியிருந்த பனி இன்று வெகு உயரத்துக்குப் பின்வாங்கிவிட்டது. அதன் முன்னே உருகிய நீர் ஏரியாகத் தேங்கி நிற்கிறது. பனியின் ஒரு பகுதியை வெயிலிலிருந்து காக்க வெள்ளைத் துணிகளால் போர்த்தியிருந்தார்கள். கைகூப்பி நின்ற என் மனைவி, "பாவம், இதற்கும் வயதாகிவிட்டது. போர்வை போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள்" என்றாள். அங்கிருந்த பலகையில் அவள் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு கிளெட்ஷுக்கு இறங்கி, சாலையருகே ஓடும் பிள்ளைப் பருவத்து ரோன் நதியில் அவள் கை நனைத்தாள். குளிர் தாங்காமல் உடனே எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தாள். திரும்பும்போது மலையேறவில்லை. ஓபர்வால்டு நிலையத்தில் காரோடு ரயிலில் ஏறி, 15 கி.மீ. சுரங்கம் வழியாக ரியால்புக்கு வந்து சேர்ந்தோம். மழையோ அசதியோ வந்தால் இப்படி ஒரு மாற்றுவழி இருப்பதைப் புறப்படும் முன்பே அறிந்து வைத்திருப்பது நலம்.

இவ்வாறு புறப்பட எண்ணும் அன்பர்கள் தாளை விரிக்கும்போது, முதல் இரண்டு கட்டங்களில் எங்கே உட்காருவது என்பதையும், யார் ஓட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள். கணவாய்களின் பெயர்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.