ஒளித்த பாவம்

யாம் கிறிஸ்தவராதலின் மறுபிறப்பை நம்புவதில்லை. எனினும், 1975-இல் வெளிவந்த 'பீட்டர் பிரவுடின் மறுபிறப்பு' என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்ட இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

கலிபோர்னியாப் பேராசிரியரொருவர், ஏரியில் நீந்தும் தம்மைப் படகிலிருந்த மாதொருத்தி துடுப்பால் அடித்துக் கொல்வதாகப் பன்முறை கனாக் காண்கின்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவ்வேரியையும், கணவனைக் கொன்று அதனை ஒளித்து வாழும் மார்சியாவையும் கண்டறிகின்றார். அக்கணவனே தாமென்றும் தெளிகின்றார். அவர் காதலித்த ஆன் என்பாளோ அவ்விருவர்க்கும் பிறந்த மகள்! ஈற்றில் மார்சியா அவரையும் அவ்வேரியிலேயே கொல்கின்றாள்.

சிலம்பில் மதுராபதி, கோவலனது முற்பிறப்பை உரைத்துக் கண்ணகியைத் தெளிவிக்கின்றாள். இங்கோ உரைப்பாரில்லை, ஆன் உண்மை அறியாது நிற்கின்றாள். அறிக்கையிடாத பாவமே அங்கு மறுபிறவி எடுத்ததென யாம் உணர்ந்தோம். எம் தந்தையாரிடம் ஈராண்டு ஒளித்த ஒன்றை மறுநாட் காலையே அவர்க்கு எழுதியனுப்பினோம்.