கண்டி மலைச்சாரலில் வேட்டை நாயின் சுவடுகள்

கண்டி மாநகருக்குச் செல்வோர் காண விரும்புவன யாவை என்பதை யாவரும் அறிவர். தலதா மாளிகை, அதன் அருகே அமைந்த வாவி, எசல பெரகராவின் யானை அணி, பேராதனைப் பூந்தோட்டம் ஆகியவற்றைக் கண்டு, கட்டுக்கலைப் பிள்ளையாரையும் வணங்கி மீள்வதே பலரின் வழக்கம். சென்ற விடுமுறையில் மாணவர் சிலரோடு அந்நகரை அடைந்த நாம் இவற்றோடு வேறொன்றையும் தேடி நடந்தோம். அம்மலைகளில் வேட்டை நாய்கள் விட்டுச் சென்ற சுவடே அது.

இத் தேட்டத்துக்குக் காரணம் மாணவர் ஒருவர் எழுப்பிய வினா. செட்டர் என்னும் நாய்களைப் புல்வெளியில் ஓடவிட்டுப் போட்டி நடத்துவதைப் பற்றி அவர் எங்கோ படித்திருக்கிறார். “ஆங்கிலேயர் தம் கிரிக்கெட்டையும் குதிரைப் பந்தயத்தையும் இங்கே கொண்டுவந்தார்களே, ஐயா! இந்தப் போட்டி மட்டும் ஏன் நம் மலைநாட்டில் வேரூன்றவில்லை?” என்று கேட்டார். நல்ல வினாவுக்கு வகுப்பறையில் இருந்து விடை கூறுவதினும் நடந்து சென்று காண்பது சிறந்ததன்றோ?

முதலில் அப்போட்டி இன்னதென்று அறிதல் வேண்டும். துப்பாக்கி தோன்றுமுன் ஐரோப்பாவில் பறவைகளை வலை வீசிப் பிடித்தனர். புல்லுக்குள் பதுங்கிய கௌதாரியை மோப்பத்தால் அறிந்து, அதன் எதிரே ஓசையின்றித் தாழ்ந்து படுத்துவிடும் நாயே அவ்வேடருக்கு உற்ற துணை. நாய் படுத்த இடத்துக்கு மேலாக வலையை வீசினால் பறவை அகப்படும். அவ்வாறு பதுங்கி அமர்வதனாலேயே அதற்குச் செட்டர் என்று பெயர். வெண்மையில் புள்ளி விரவிய ஆங்கிலச் செட்டர், கருமையும் செம்பழுப்பும் கலந்த கோர்டன் செட்டர், செந்நிற ஐரிஷ் செட்டர், செம்மையும் வெண்மையும் கொண்ட மற்றோர் ஐரிஷ் வகை என அவை நான்கு.

இந்நாய்களின் திறனைக் களத்திலேயே சோதிக்கும் முதற் போட்டி, இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த சவுத்ஹில் என்னும் இடத்தில், 1865 ஏப்ரல் 18 அன்று நடைபெற்றது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1859 இல், நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்ததுண்டு. ஆயினும் கண்காட்சியில் அழகைத்தான் அளக்கலாம். மூக்கை அளக்க வயல்வெளியே வேண்டும்.

போட்டியில் இரண்டு நாய்களை ஒருங்கே விடுவர். காற்று வரும் திசையை நோக்கி அவை இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடி, ஒரு சாண் நிலமும் எஞ்சாதபடி மோப்பம் பிடித்து வரவேண்டும். மனிதரின் மூக்கில் மணமறியும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்பர்; நாய்க்கோ அவை பல கோடி. பறவையின் வாடை பட்ட கணமே ஓட்டம் சிலைபோல் நின்றுவிடும். மற்றைய நாய், தான் வாடையை உணராவிடினும், நின்ற தோழனைக் கண்டு மதித்துத் தானும் நிற்றல் வேண்டும்! பின்னர்ப் பறவை சிறகடித்து எழும்போதும், துப்பாக்கி முழங்கும்போதும் நாய் அதைத் துரத்தலாகாது. துரத்திய நாய் போட்டியினின்று நீங்கும். ஓடுவதற்காகவே பிறந்த பிராணியை ஓடாமல் நிற்கப் பழக்குவதே இக்கலையின் உச்சம் என்று நமக்குத் தோன்றிற்று. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அமைதியாக இருத்திப் பார்த்தவர்க்கு அதன் அருமை விளங்கும்.

இன்னொரு செய்தி மாணவர்க்கு வியப்பூட்டியது. அந்நாட்டில் இளவேனிற் காலத்தில் கௌதாரிகள் இணைசேர்ந்திருக்கும் வேளையிலும், கிரௌஸ் என்னும் பறவையின் வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 12 ஆம் நாள் தொடங்குமுன் யூலை மாதத்திலும் நடக்கும் போட்டிகளில் பறவை எதுவும் சுடப்படுவதில்லை. வெற்று வெடியே தீர்க்கப்படும். நாயின் திறமைக்கு உயிர்ப்பலி தேவையில்லை என்பதே இதன் பொருள்.

இனிக் கண்டிக்கு வருவோம். மாளிகையின் பின்புறம் உயர்ந்து நிற்கும் உடவத்தைக் காடு மன்னர் காலத்தில் அரசர்க்கே உரியதாய்க் குடிமக்கள் புகலாகாத வனமாய் இருந்தது. 1856 இல் ஒதுக்குக் காடாகவும், 1938 இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆயிற்று. காலை மழை ஓய்ந்தபின் அதனுள் நடந்தோம். கொடிகள் மரத்தினின்று மரத்துக்குத் தாவிக் கிடந்தன; பத்தடிக்கு அப்பால் கண் செல்லவில்லை. காற்றோ அசையவே இல்லை. மாணவர் பாதி நேரம் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்குவதிலேயே கழித்தனர். வினா எழுப்பிய மாணவரே, “இங்கே செட்டர் வந்தால் காற்றையும் காணாது, தன் எசமானையும் காணாது” என்றார். விடையின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்துவிட்டது. திறந்த வெளியும் ஓயாத காற்றும் புல்லோடு புல்லாய்ப் பதுங்கும் பறவையும் இல்லாத இடத்தில் அந்நாய்க்கு வேலை இல்லை. மாரிக்காலத்தில் வடதிசையினின்று நம் வயல்களுக்கு வரும் உள்ளான் பதுங்கும் இயல்பினதே. ஆனால் சேற்று வயலும் வெயிலும் குளிர்நாட்டு நீள்மயிர் நாய்க்கு ஒவ்வா.

இந்நாட்டார் தம் நிலத்துக்கேற்ற வேட்டை முறையை முன்னரே கண்டிருந்தனர். 1660 இல் சிறைப்பட்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த முதலிய ஊர்களில் வாழ்ந்து, 1679 இல் தப்பிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தம் நூலில் அதனை விவரிக்கிறார். நிலவற்ற தூறல் இரவில் ஒருவன் தலைமேல் கூடையில் தீச்சட்டி ஏந்தி முன்னே செல்வான். காலடி ஓசை கேளாதபடி சிறு மணிகளை ஒலித்துக்கொண்டே போவான். ஒளியைக் கண்டு மயங்கி நிற்கும் மானைப் பின்னே வருவோர் அம்பால் வீழ்த்துவர். மோப்பத்தின் இடத்தை இங்கே ஒளி பிடித்துக்கொண்டது.

மாளிகைக்கு அருகே ஒரு மேட்டில் ஆங்கிலப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காய்ச்சலால் மாண்ட இளைஞரும் குழந்தைகளுமே அங்கே மிகுதி. அவர்களிடையே 1856 இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ரொபேட்சன் என்பவரும் துயில்கிறார். கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் எரிந்த காலம் அது. துப்பாக்கி ஏந்திய துரைமாருக்கு மலைநாடு முழுவதும் ஒரு வேட்டைக்களமாய்த் தோன்றிய காலமும் அதுவே.

அவர்களுள் நாய்களால் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864 இல், ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டவர் இவரே. கண்டிக்குத் தெற்கே நுவரெலியாவில் 1848 இல் குடியேறும்போது இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்க் கூட்டமொன்றையும் கப்பலேற்றி வந்தார். 1855 வரை அங்கு வாழ்ந்தார். அவர் வளர்த்தவை செட்டர்கள் அல்ல; குரைத்துத் துரத்தும் ஹவுண்டுகள். அவற்றின் இலக்கு மரை. அதனை ‘எல்க்’ என்று வேறொரு விலங்கின் பெயரால் பிழையாக அழைத்தனர் வெள்ளையர். நாய்களால் துரத்தப்பட்ட மரை இறுதியில் மலையருவியின் ஆழத்தில் இறங்கித் திரும்பி நிற்கும். நீந்திச் சூழும் நாய்களைக் கொம்பாலும் குளம்பாலும் தாக்கும். வேட்டைக்காரர் கத்தியுடன் நீரில் இறங்குவார்.

தம் நாய்களை ஸ்மட், கில்பக், லூசிபர் எனப் பெயர் சொல்லிப் போற்றுகிறார் பேக்கர். அவரது எழுத்தில் வீரமும் அன்பும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் மரைக் கொம்பும் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லும் சிறுத்தையும் அந்நாய்களுள் பலவற்றை மாய்த்தன. இங்கே ஒரு பேதத்தைக் காண்கிறோம். செட்டர் போட்டியில் நாய் நிற்பது வெற்றி. மரை வேட்டையில் நாய் நின்றால் தோல்வி. துரைமாரின் மனம் எதில் களித்தது என்பதிலேயே மாணவர் வினாவின் மறுபாதி விடை இருக்கிறது.

தோட்டத்துப் பங்களாக்களில் நாய்க்குச் சோறு வடித்தும், உண்ணி பொறுக்கியும், காயத்துக்கு மருந்திட்டும் உழைத்தவர்களின் பெயரை அக்கல்லறைத் தோட்டத்தில் நாம் எக்கல்லிலும் கண்டிலோம். நம் முன்னோர் வழக்கம் வேறு. தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உளது. வீழ்ந்த வீரன் கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் பெயரும், கோவிவன் என்று, அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. வைரவரின் வாகனத்துக்கு நாம் தரும் மதிப்பு கல்லிலும் ஏறிற்றுப் போலும்!

வேட்டையாடியோரே பின்னர் விலங்குகள் அருகுவது கண்டு அஞ்சினர். 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. 1937 இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரை வேட்டைக்குப் பேர்போன ஹோட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆகி, கண்டியிலிருந்து தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடு 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வேட்டைக்காரர் தங்கிய பார் இன் என்னும் விடுதியின் முற்றத்தில் இப்பொழுது மரைகள் அச்சமின்றி மேய்கின்றன. அங்கே இன்று நாய்க்குத்தான் அனுமதி இல்லை.

ஆயினும் மலைநாட்டில் எல்லாம் நலமென்று கூறுதற்கில்லை. தேயிலைத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் சிக்கி மடிகின்றன. லயத்து நாயைக் கவர வந்த சிறுத்தையைப் பகையாக எண்ணுவோரும் உளர். பன்றி மரக்கறிப் பாத்தியை ஓரிரவில் உழுதுவிடும்போது அத் தொழிலாளியின் வயிறும் எரியத்தானே செய்யும்? அவனைக் குறை கூறிவிட்டுப் பேருந்தேறுவது எளிது. பயிருக்கு வேலியும் இழப்புக்கு ஈடும் கிடைக்கச் செய்வதே கடினமானது. சுருக்கை அகற்றும் வழியும் அதுவே.

மறுநாள் ஹந்தானை மலையேறினோம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிறது. உடவத்தையில் காணாத காற்று இங்கே புல்லைச் சாய்த்துக்கொண்டிருந்தது. லயத்திலிருந்து எம்மைத் தொடர்ந்து வந்த மெலிந்த செந்நிற நாட்டு நாயொன்று முன்னே ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. முன்கால் ஒன்று மடிந்தது, வால் நீண்டது, மூக்கு புல்லின் ஒரு புள்ளியை நோக்கி அசையாதிருந்தது. மாணவர் மூச்சடக்கி நின்றனர். காடை ஒன்று விர்ரென்று எழுந்து சரிவில் மறைந்தது. உடனே நாய் குரைத்துக்கொண்டு அதன் பின்னே பாய்ந்தது.

“போட்டியினின்று நீக்கப்பட்டது!” என்று மாணவர் அனைவரும் ஒரே குரலில் கூவினர். சற்று நேரத்தில் நாக்கைத் தொங்கவிட்டபடி அது திரும்பி வந்தது. கீழே தேநீர்க் கடையில் அதற்குப் பாண் துண்டொன்று வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்டிப் பேருந்துக்காகக் காத்திருந்தோம்.