இறங்கத் தெரிந்தால் போதுமா?

திண்டுக்கல்லுக்குப் பூட்டு உண்டு, பிரியாணி உண்டு, ஊருக்கே அடையாளமாக ஒரு மலைக்கோட்டையும் உண்டு. விமான நிலையம்தான் இல்லை. ஆகையால் ஆகாய மார்க்கமாக வருகிற பெரிய மனிதர்களுக்கு ஹெலிகாப்டரே கதி. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி, காந்திகிராமப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குப் பிரதமர் மோடி மதுரை வழியாக வந்ததும் அப்படித்தான்.

பக்கத்தில் சின்னாளபட்டியில் இருக்கிறார் என் அத்தை. அடுத்த முறை நான் போனபோது, காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏண்டி, பத்திரிகையிலே வேலை பார்க்கிறாயே, ஒண்ணு சொல்லு. நல்லாத் தெரியற நாளிலே இறங்கிடலாம். ஐப்பசி மழையிலே வானம் மூடிக்கிட்டா, இதுதான் நாம இறங்க வேண்டிய பொட்டல்னு ஓட்டறவருக்கு எப்படித் தெரியும்?"

அத்தை சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் உலகத்து விமான நிபுணர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது!

வெயில் நாளில் விஷயம் சுலபம். தரையில் பெரிய கோலம் போல வெள்ளை வட்டம், அதன் நடுவே 'எச்' என்ற ஆங்கில எழுத்து. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்ட, கம்பத்தில் ஒரு துணிப்பை. இறக்கையின் காற்றில் புழுதி கிளம்பி விமானியின் கண்ணை மறைக்காமலிருக்க, முன்கூட்டியே தண்ணீர் தெளித்து வைப்பார்கள். வசதியான தளங்களில் விளக்கும் உண்டு. சரியான சரிவில் இறங்கினால் பச்சை நிலையாகத் தெரியும். உயரம் அதிகமானால் பச்சை கண் சிமிட்டும். தாழ்ந்துவிட்டால் சிவப்பு, மிகவும் தாழ்ந்தால் சிவப்பும் கண் சிமிட்டும்.

ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே?

மேகத்துக்குள் புகுந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்கே தெரியாமல் போய்விடும். 2021 டிசம்பர் 8-ந் தேதியை மறக்க முடியுமா? சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உள்படப் பதினான்கு பேரையும் இழந்தோம். எந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசை தடுமாறியது என்று விசாரணைக் குழு சொல்லிற்று.

பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதை அருகே ரேடியோக் கருவிகளை நிறுத்தி, விமானத்தைக் கைப்பிடித்து அழைத்து வருவதுபோல் இறக்குகிறார்கள். ஒரு நாள் விழாவுக்கான பொட்டலில் அதையெல்லாம் கொண்டுவந்து நாட்ட முடியுமா? அதற்குத்தான் செயற்கைக்கோள். கைபேசியில் வழி பார்க்கிறோமே, அதே வித்தை. கைபேசி நம்மை அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டால் ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொள்ளலாம். ஆகாயத்தில் யாரிடம் விசாரிப்பது?

அந்தப் பிழையைத் திருத்த, நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ககன்' என்ற ஏற்பாட்டைச் செய்தன. தரையிலுள்ள நிலையங்கள் பிழையைக் கணக்கிடும். திருத்தம் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குப் போகும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்தின் கிஷன்கர் நிலையத்தில் ஒரு பயணி விமானம் இதை நம்பி இறங்கிக் காட்டியது. 2023 ஜூனில் மும்பை ஜூஹூவிலிருந்து புனேக்கு ஒரு ஹெலிகாப்டரே இப்படிப் பறந்தது. ஆசியாவில் இதுவே முதல் தடவை என்று பெருமையாக அறிவித்தார்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தும் கீழே ஒண்ணும் தெரியலேன்னா?" என்றார்.

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! இந்த முறையில் ஹெலிகாப்டரை நேரே தரைக்குக் கொண்டுவருவதில்லை. ஆகாயத்தில் குறித்துவைத்த ஓர் இடம் வரைக்கும்தான். அங்கே வந்ததும் விமானி கீழே பார்க்க வேண்டும். தளம் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால், வேறு யோசனையே கூடாது. மேலே ஏறித் திரும்பிவிட வேண்டும். எந்த வழியாக ஏற வேண்டும் என்பதையும் முன்னாலேயே வகுத்து வைத்திருப்பார்கள். இறங்க வழி சொல்லுகிற ஏற்பாடே திரும்பவும் வழி சொல்லுகிறது.

விமானி திரும்பிவிடலாம், கீழே காத்திருப்பவர்கள் விட வேண்டுமே! பந்தல் போட்டாயிற்று, மாலை வாங்கியாயிற்று, மைக்கில் நாலு முறை அறிவித்தாயிற்று. வருகிறவருக்கோ அடுத்த ஊரில் கூட்டம். இந்த அவசரமெல்லாம் விமானியின் தோளில் போய் உட்கார்ந்துகொண்டால், எந்தக் கருவியால் என்ன பயன்?

பெரிய மனிதர்களோடு முடிகிற விஷயமும் அல்ல இது. கொடைக்கானல் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து, நாளைக்கே ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருக்கலாம். அன்றைக்கு மழை பெய்யாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அவளுக்காகவாவது நல்ல வழிகாட்டிகள் மலைக்கும் சமவெளிக்கும் வந்து சேர வேண்டும்.

வரும்வரை நம்மால் ஆன உதவி ஒன்று உண்டு. மூட்டமான நாளில் ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்து, இறங்காமலே திரும்பிப் போனால், "இவ்வளவு நேரம் காத்திருந்தோமே!" என்று முணுமுணுக்காதீர்கள். அதில் இருப்பவர்களுக்காகவும் எங்கோ வீட்டில் சோறு வடித்து வைத்துக்கொண்டு யாரோ காத்திருக்கிறார்கள் அல்லவா?