ரெண்டு தட்டு

எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தும் யாரும் அதைப் பார்த்ததில்லை. பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் சங்குதான் எங்களுக்கு நேரம். காலைச் சங்குக்கு அப்பா தூக்கை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். சாயங்காலச் சங்குக்கு அம்மா காபிக்குத் தண்ணீர் வைப்பாள். அறுபதுகளின் நடுவில் எனக்கு ஏழு வயது. அப்பாவின் நகக்கண்களில் எப்போதும் கறுப்பு, சட்டையில் எண்ணெய் வாசனை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாசலில் பாய் விரித்து நாங்கள் ஒரு ஆட்டம் ஆடுவோம். காலி பிஸ்கட் டின்னுக்கு வெளியே அப்பா, உள்ளே என் கை. அவர் விரலால் படபடவென்று தட்டுவார். அந்த இடத்தை நான் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ரிவெட் என்கிற தகட்டாணி சரியாக உட்காரவில்லையென்றால் நான் ஒரு தட்டு தட்டுவேன், அவர் மறுபடி அடிப்பார். உட்கார்ந்துவிட்டால் ரெண்டு தட்டு. அடுத்த ரிவெட்டுக்குப் போகலாம்.

அப்பா பத்தொன்பது வயதில் வேலை பழகியது அப்படித்தான். அது 1948. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கான்பூரில் குவிந்து கிடந்தன. அமெரிக்கா கடனாகக் கொடுத்த சரக்கு. திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். இனி யாரும் பறக்கவிடக் கூடாதென்று லாரியை விட்டு மோதி, என்ஜினில் மணலைக் கொட்டிச் சிதைத்திருந்தார்கள். நம்மிடமோ அப்போது பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலை ஆட்கள் அங்கே போய், எழும்பினால் போதும் என்ற அளவுக்குச் சரிபார்த்தார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். எப்பேர்ப்பட்ட துணிச்சல்! அப்படி 42 விமானங்கள் மறுபடி பறந்தன.

அப்பா ஒல்லி. அதனால் வால் பக்கத்துக் குறுகலுக்குள் அவரைத்தான் அனுப்புவார்கள். வெயிலில் கொதிக்கும் அலுமினியக் கூட்டுக்குள் குந்தி, இரும்புக் கட்டையை ரிவெட்டின் முனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் முகம் தெரியாது, காது அடைத்துப் போகும், தட்டுதான் பேச்சு. "சட்டையில ஒட்டு போட்டோமா, ஒட்டுல சட்டை தச்சோமான்னு தெரியாது பாப்பா" என்பார். குண்டு அறைக் கதவு கடை ஷட்டர் மாதிரி சுருண்டு பக்கவாட்டில் ஏறுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கைகளும் சேர்ந்து ஏறும்.

1968-இல் லிபரேட்டர்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. உலகத்தில் 18,000-க்கும் மேல் செய்த விமானம் அது. போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உடைத்து உருக்கிவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வேண்டுமென்று பலர் இந்தியாவிடம் வந்தார்கள். 1969-இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனது. 1974-இல் இன்னொன்று இங்கிலாந்துக்கு. இரண்டும் கப்பலில் போகவில்லை, பறந்தே போயின. இங்கிலாந்து போனதைக் கேள்விப்பட்ட அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, "அத்தன கடல் தாண்டியும் நம்ம ரிவெட்டு தாங்கிக்கினு போயிருக்கும்மா" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா போன பிறகு, தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டரைப் பார்த்தேன். நேராக வால் பக்கம் போனேன். தையல் போட்ட மாதிரி வரிசை வரிசையாக ரிவெட்டுகள். எது அப்பா பிடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் குந்தியிருந்திருக்கிறார்.

அந்த விமானம் அங்கே இருக்கிறது. தில்லிப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிப்போய், மூக்கையும் இறக்கையையும் பார்த்த பிறகு வால் பக்கமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.