பழுக்கப் பழுக்கக் குறையும் பச்சை வாசம்

சாமிக்குப் படைக்கிற கறியை அம்மா ருசி பார்க்க மாட்டா. ஆவியை மணந்தே "உப்புக் காணாது" என்று சொல்லிவிடுவா. அந்த மூக்கு எனக்கும் கொஞ்சம் வாய்த்திருக்கிறது. அதை நான் வைன் மணக்கப் பயன்படுத்துகிறேன் என்று அவவிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை. மதுப்போத்தல் படி ஏறாத வீடு எங்களுடையது.

ரொறன்ரோவில் வேலையிடத்து அக்கா ஒருவர்தான் பழக்கினார். நயாகராவில் விளைந்த கபர்னே பிராங் திராட்சையின் சிவப்பு வைனைக் கால் கிளாஸ் ஊற்றித் தந்து, "அவசரப்படாதையும், முதல்ல சுழட்டி மணந்து பாரும்" என்றார். முதலில் வந்தது ராஸ்பெரி. அதன் பின்னால், அப்போதுதான் அரிந்த பச்சைக் குடைமிளகாய்.

அது என் கற்பனையல்ல. குடைமிளகாய்க்கு மணம் கொடுக்கும் பைரசின் என்ற சேர்மம் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட, அது குறையும். நயாகராவில் வெயில் காலம் குறுகியது. அதனால் குலைகளை மறைக்கும் இலைகளைக் கிள்ளி வெயிலை உள்ளே விடுகிறார்கள். ஒன்ராறியோ ஏரியும் கோடைச் சூட்டைத் தேக்கிவைத்து, முதல் உறைபனியைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. கபர்னே சோவிஞோன் என்ற திராட்சையைவிட முந்திப் பழுக்கும், குளிரையும் கூடுதலாகத் தாங்கும் என்பதால் கபர்னே பிராங் இங்கே நன்றாகக் காலூன்றிவிட்டது.

அந்தப் பச்சை வாசத்தைக் குறை என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். பழத்தை அமுக்காமல் மெலிதாக நிற்கும்போது, அந்த ஆண்டு எவ்வளவு வெயில் எறித்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. குடித்தபின் நாக்கின் இரு பக்கமும் உமிழ்நீர் ஊறும். அந்தப் புளிப்பும் இந்தக் குளிர் நாட்டின் கொடைதான். ஹீட்டர் போட்ட அறைச் சூட்டில் அது தெரியாது, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கவேண்டும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு நன்றாகச் சேரும், ஆனால் உறைப்பைக் குறைக்கவேண்டும். உறைப்புக் கூடினால் வைன் கசந்து எரியும்.

வாங்கும்போது போத்தலில் விகியூஏ (VQA) என்ற எழுத்துகளைப் பாருங்கள். 1988இல் ஒன்ராறியோவில் தொடங்கிய தரமுறை அது. முழுக்க இந்த மாகாணத்துத் திராட்சை என்பதற்கு அதுவே உறுதி. அது இல்லாத மலிவான போத்தல்கள் பலவற்றில் வெளிநாட்டு வைன் கலந்திருக்கும்.

மேற்கே இன்னொரு மாகாணத்தில் இருக்கும் ஒகனகன் பள்ளத்தாக்கின் கதை வேறு. அதன் தென்முனையில் ஒசோயூஸ் பக்கம் பாலைபோலக் காயும் நிலம். சிரா, மெர்லோ திராட்சைகளின் வைன் அங்கே கனத்து வரும். 2024 ஜனவரியில் அடித்த கடுங்குளிர் அங்கே மொட்டுகளைக் கொன்று, அந்த ஆண்டு விளைச்சலைக் கிட்டத்தட்ட முழுதாகவே அழித்துவிட்டது. வெளியிலிருந்து திராட்சை கொண்டுவர அந்த மாகாண அரசே இடம் கொடுக்க வேண்டியிருந்தது. செத்த கொடியைப் பிடுங்கிப் புதிது நட்டால் பழம் காண மூன்று ஆண்டாவது செல்லும். கடையில் ஒகனகன் சிரா, அந்தக் குளிருக்கு முந்திய ஆண்டினது, கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் எடுத்துவிடுகிறேன்.