உப்பு வண்டிக்கு டீசல் எஞ்சின்

சமையலறையில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது, அந்த உப்பு எந்த வண்டியில் ஏறி வந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, சகோதரிகளே? நான் யோசித்ததே இல்லை, 1987-ம் வருஷம் மாசி மாதம் மரக்காணம் போய் வரும் வரையில்!

அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றுபோல் இல்லை. நானும் என் கணவரும் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 35 கிலோ மீட்டர் கிழக்கே பஸ்ஸில் போனோம். சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயிலைத் தரிசிப்பதுதான் உத்தேசம். தரிசனம் முடிந்து உப்பளப் பக்கம் நடந்தோம். அடேயப்பா, என்ன வெளிச்சம்! ஆயிரக்கணக்கான ஏக்கரில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்ததுபோல் பாத்திகள். வரப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். தலையில் கூடையோடு வரிசையாக நடக்கும் பெண்கள். வெள்ளைத் தரையிலிருந்து எழும் கூச்சத்தில் அவர்கள் கண்கள் எப்போதும் சுருங்கியே இருக்கின்றன.

உப்பு விளைவது வெயிலின் வேலை. கடல் தண்ணீரின் அடர்த்தி 3 டிகிரி என்றால், பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து அதை 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் உப்பு படியும். தை மாதம் தொடங்கி ஐப்பசி மழை வரும் வரைதான் வேலை. அதற்குள் விளைந்ததைக் கரையேற்றி, வண்டி ஏற்றி, விற்றுவிட வேண்டும். மழை காத்திருக்காது.

உப்பு வண்டி நமக்குப் புதியதல்ல. சங்க காலத்தில் உமணர்கள் மாட்டு வண்டிகளில் உப்பு ஏற்றி ஊர் ஊராகப் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகனை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஒளவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. மரக்காணத்து உப்பு படகேறிச் சென்னைக்குப் போயிற்று. அதற்கும் பின்னால் லாரிகள்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு டீக்கடை ஓரமாக உட்கார்ந்தோம். பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்ட ஒரு பட்டறை. அங்கே ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. ஜீப் வம்சம், பெட்ரோல் எஞ்சின். வண்டிக்காரர், அவர் மனைவி, வயதான மேஸ்திரி மூவருக்கும் இடையே பலத்த ஆலோசனை.

"பெட்ரோல் போட்டுக் கட்டுப்படி ஆகல்லே மேஸ்திரி. டீசல் எஞ்சின் ஒண்ணு பேசி முடிச்சு, 500 ரூபா முன்பணமும் கொடுத்துட்டேன். மாட்டிக் கொடுத்துடுங்க" என்றார் வண்டிக்காரர்.

அவர் ஆசையிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு டீசல் விலை பெட்ரோலில் ஏறக்குறைய பாதிதான். அதோடு உப்புக் காற்றில் பெட்ரோல் எஞ்சினின் மின்பொறி வயர்கள் ஈரம் கோத்து அடிக்கடி மக்கர் செய்யும். டீசலுக்கு மின்பொறியே வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சுடுகிறதல்லவா? அதே தத்துவம்தான். காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் அமுக்கினால் அது கொதிக்கிறது. அதில் பீச்சிய டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

இப்படி எஞ்சின் மாற்றுவதும் புதிதல்ல. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துப் பெர்க்கின்ஸ் கம்பெனியின் 'பி6' என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், பெட்ரோல் லாரிகளில் மாற்றி வைப்பதற்குப் பேர்போனது. 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நம் சென்னை மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனியே 1950-களில் அந்த எஞ்சினைத் தயாரித்தது.

மேஸ்திரி உடனே ஸ்பானரை எடுக்கவில்லை.

"எஞ்சினை மட்டும் மாத்த முடியாது தம்பி. பெட்ரோல் எஞ்சின் 4,000 சுத்து சுத்தற இடத்துலே, நீ பேசியிருக்கிற டீசல் 2,500 தான் சுத்தும். பழைய கிரௌன் பினியனையே வச்சா எஞ்சின் அலறும், வண்டி நகராது. பின் அச்சிலே பல் கணக்கு மாறணும். டீசல் இழுக்கிற இழுப்புக்குப் பழைய கியர் பாக்ஸ் தாங்காது, கிளட்சும் மாறணும். கனம் ஜாஸ்தி, முன் ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்க்கணும். பெரிய பேட்டரி, பெரிய ரேடியேட்டர். ஆர்.சி. புத்தகத்திலே புது எஞ்சின் நம்பர் ஏறணும்."

ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் மட்டும் மடியிலிருந்த கணக்கு நோட்டை மூடினாள். கையில் இரண்டு தங்க வளையல்கள்.

"செலவு இருக்கட்டும் அண்ணே. இந்த வளையலைத்தான் வைக்கப் போறேன். வண்டி இன்னும் எத்தனை வருஷம் நிக்கும்? அதைச் சொல்லுங்க."

மேஸ்திரி சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போனார். டங், டங் என்று இரும்பைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் 'தப்'பென்று சத்தம் அடங்கியது. விரலால் குத்தினார், துரு பொரிமாவாக உதிர்ந்தது. உப்பு மூட்டையிலிருந்து சொட்டுகிற நீர் வருஷக்கணக்காகச் சட்டத்தைத் தின்றிருந்தது.

"எஞ்சினை மாட்டிக் கொடுத்தா எனக்கு இன்னிக்கே கூலி வரும் தங்கச்சி. ஆனா பாரம் ஏத்திப் போறப்போ சட்டம் முறிஞ்சா ஓட்டறவன் உயிருக்கு ஆபத்து. முதல்லே சட்டம். எஞ்சின் அப்புறம்" என்றார் வெளியே வந்து.

வண்டிக்காரர் முகம் செத்துப்போயிற்று. முன்பணம் திரும்பாது; அந்த வருஷத்து உப்பு கண் முன்னே குவிந்து கிடக்கிறது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அம்பாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வளையலைக் கழற்றிக் கணவர் கையில் வைத்தாள். "சட்டத்துக்கு இது. இந்த வருஷம் மாட்டு வண்டியை வாடகைக்கு எடுப்போம்."

அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது.

மறு வருஷம் வைகாசியில் புதுச்சேரி போனபோது, மனம் கேட்காமல் மரக்காணத்தில் இறங்கினோம். பட்டறை வாசலிலேயே 'கட கட'வென்று டீசல் சத்தம்! உள்நாட்டு வண்டி ஒன்றின் துருவேறாத சட்டம், வேறு டீசல் எஞ்சின், அதற்கேற்ற கியர் பாக்ஸ், புதுப் பல் கணக்கு எல்லாம் அந்தப் பழைய வண்டிக்குள் குடியேறியிருந்தன. அந்த அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

"டீசல் செலவு பாதியாயிடுச்சு அக்கா. ஆனா தினம் சாயங்காலம் நாலு குடம் நல்ல தண்ணி வண்டிக்கு அடியிலே ஊத்திக் கழுவறேன். எஞ்சின் அவர் பொறுப்பு, சட்டம் என் பொறுப்பு."

வளையல் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குக் கூச்சம். அவளே கையைக் காட்டினாள். இரண்டையும் வைத்திருக்கிறாள், ஒன்று மீண்டிருந்தது. "இன்னொண்ணு மழைக்கு முன்னாலே வந்துடும்" என்று சிரித்தாள்.

இன்று எஞ்சின் மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆனால் உப்பு இரும்பைத் தின்பது மட்டும் மாறவில்லை. அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் வீடு திரும்பியதும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிவிடுங்கள். நாலு குடம் போதும் என்பது அந்த அம்மாளின் கணக்கு.